மேலே போன மழைத்துளி

கணித முறைகள் தாளில் முதல் தடவை கோட்டை விட்டேன். மறுதேர்விலும் போனால் பிசிக்ஸ் ஆனர்ஸை மூட்டை கட்டிவிட்டு வங்கித் தேர்வுப் பயிற்சியில் சேர வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். அவர் வங்கி அதிகாரி. விண்ணப்பத்தை வாங்கி என் மேஜைமேலேயே வைத்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் வியாதியைக் கண்டுபிடித்தவள் பவானிபூரிலிருந்து வரும் வகுப்புத் தோழி. அவளும் தமிழ் வீட்டுப் பெண்தான், ஆனால் வங்காளம்தான் சரளமாக வரும். என் நோட்டில் எல்லாக் கணக்கிலும் முதல் வரியிலேயே g-க்குப் பதில் 9.8 உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் சிரித்தாள். பள்ளிக்கூடப் பழக்கம். எண்ணைப் போட்டால்தான் எனக்குத் தைரியம் வரும்.

“கடைசி லைன் வரைக்கும் நம்பரே போடாதே. எழுத்தாவே போ. அப்பத்தான் உள்ள என்ன நடக்குதுன்னு தெரியும், புஜ்லி?”

புரிந்தது என்று தலையாட்டினேன். முதல் வாரம் கண்ணைக் கட்டி விட்டதுபோல இருந்தது. தினம் பத்துக் கணக்கு, வெறும் எழுத்தில். மூன்றாவது வாரம் பெஹாலா பஸ்ஸில், கண்டக்டர் என்னிடம் வருவதற்குள் ஒரு தொகையீட்டை மனசிலேயே முடித்துவிட்டேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போனதுகூடத் தெரியவில்லை, அத்தனை சந்தோஷம்.

மறுதேர்வன்று நல்ல மழை. கேள்வியும் மழைத்துளிதான்: காற்று தடுக்கும்போது அதன் வேகம் என்ன? கை தானாக ஓடியது. கடைசி வரியில் எண்ணைப் போடும் முன், நேரம் போகப் போக என்ன ஆகும் என்று பார்த்தேன். அடைப்புக்குள் ஒன்றிலிருந்து கழியும் உறுப்பு பெருகிக்கொண்டே போனது. வேகம் மைனஸ். என் துளி மேகத்துக்கே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது!

ஜன்னலுக்கு வெளியே மழை ஒழுங்காகக் கீழேதான் பெய்தது. சிரித்துவிட்டேன்; கண்காணிப்பாளர் முறைத்தார். முன்பென்றால் விடையிலிருந்த மைனஸை மட்டும் சத்தமில்லாமல் அழித்திருப்பேன். இப்போது வரிவரியாக மேலே ஏறினேன். தொகையிட்ட வரியில் ஒரு மைனஸை விட்டிருந்தேன். அதைப் போட்டதும் பெருகியது தேய்ந்தது, துளி கீழே இறங்கியது, வேகம் ஏறி ஓரிடத்தில் நிலைத்தது. எழுந்து கூத்தாடலாம் போலிருந்தது.

பாஸ். அப்பா விண்ணப்பத்தைத் திரும்பக் கேட்கவில்லை. அதன் பின்பக்கம் முழுக்க இப்போது அடுத்த செமஸ்டர் கணக்குகள். ஓர் எண்கூடக் கிடையாது.