வேதவல்லி அக்காவின் மிஸ்டு கால்

வேதவல்லி அக்காவின் எண்ணிலிருந்து காலையில் வரும் போன் மூன்று முறை அடித்து நின்றுவிடும். ஞாயிறு தவிர எல்லா நாளும் அப்படித்தான். போன செவ்வாய்க்கிழமை அது நிற்கவில்லை. நான் சாமி படங்களுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தேன். பழக்கத்தில் கை பேனாவுக்குப் போய், கடிகாரத்தைப் பார்த்து, ஏழு ஐம்பத்திரண்டு என்று நோட்டில் எழுதியும் விட்டது. போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தால், பேசியது அவர் மகன்.

"யம்மா, எங்கம்மா பூட்டாங்கம்மா. விடியக்காலம் நெஞ்ச வலிக்குதுன்னாங்க. ஆஸ்பத்திரி வாசல்கூட மிதிக்கல."

எழுதிய நேரத்தை அடிக்க மனம் வரவில்லை.

இதைப் படிக்கிற உங்களில் பலர் செஞ்சியில் அவரோடு முதல் பஸ் ஏறி, திண்டிவனத்தில் காலைப் பாசஞ்சர் பிடித்து, நின்றபடியே வேலைக்குப் போனவர்கள். கூட்டத்தில் அவர் குரல் எப்படிக் கேட்கும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். எனக்கு அவர் பழக்கமானது எங்கள் வீட்டு கேட்டில்.

என் மகள் மலர் சென்னை போகும் வழியில் ஒரு தனியார் மருத்துவமனையில் லேப் வேலை பார்த்தாள். அங்கே துப்புரவுப் பெண்களுக்கு மேற்பார்வை வேதவல்லி அக்கா. செஞ்சியிலிருந்து போகிறவர்கள் மொத்தம் ஐந்து பேர். வண்டி ஏழே முக்காலுக்கு அவர்களை இறக்கிவிட வேண்டும், எட்டு மணிக்குள் அவர்கள் கைரேகை வைக்க வேண்டும். ஆனால் ஒரு எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு வண்டி எங்கேயாவது நின்றுவிடும். மூன்று முறை தாமதமானால் எச்சரிக்கைக் கடிதம், அதன் பிறகும் தாமதமானால் வேலை இல்லை என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. ரயில்தான் தாமதம் என்று இவர்கள் சொல்ல, நிர்வாகம் ரயில் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டது. வண்டி பெரும்பாலும் குறித்த நேரத்தில்தான் போய்ச் சேருகிறது என்று பதில் வந்தது. அந்தப் பதிலின் நகலைத்தான் அன்று அவர் கேட்டுக்கு வெளியே நின்று என்னிடம் நீட்டினார்.

"படிச்சீங்களா மலரு அம்மா? இவங்க சொல்றது பொய்யும் இல்ல, அதான் வயித்தெரிச்சல். கடைசி ஊருக்குப் போய்ச் சேர்ற நேரத்த மட்டும் கணக்குல எடுக்கறாங்க. கடைசி ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல டைம்டேபிள்ல தாராளமா நேரம் உட்டு வெச்சிருக்காங்க. எங்கள லேட்டா எறக்கி உட்டுட்டு வண்டி அங்க டைமுக்குப் போயிடுது. நடுவுல எறங்கறவ கணக்குலயே கிடையாது."

"அதுக்கு நான் இன்னா பண்ணணும்?"

"உங்க அம்மா பால் கணக்குலேர்ந்து கரண்டு ரீடிங் வரைக்கும் நோட்டு போட்டு எழுதறாங்களாமேன்னு மலருகிட்ட கேட்டேன். நாங்க கூட்டத்துல மூச்சு உட எடமில்லாம நிக்கறோம், எங்க எழுதறது? வண்டி நின்ன ஒடனே நான் ஒரு மிஸ்டு கால் உடறேன். நீங்க மணி பாத்து எழுதுங்க."

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். பிறகு படித்ததெல்லாம் ஸ்தோத்திரப் புத்தகமும், பொட்டலம் மடித்து வந்த பேப்பரும்தான். ஆனால் எழுதுகிற கணக்கில் ஒரு அடித்தல் திருத்தல் இருக்காது என்ற கர்வம் எனக்கு உண்டு. சரி என்றேன். அவர் தண்ணீர் கேட்டார். கொண்டுவந்து கேட்டுக்கு வெளியே நீட்டினேன். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. எங்கள் தெருவில் அவர் தெருக்காரர்களிடம் யாரும் அப்படிச் சொல்வதில்லை. நானும் சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து அடுப்பில் என்ன இருந்தாலும் ஏழே முக்காலுக்கு நான் பூஜை அலமாரி முன்னால் நின்றுவிடுவேன். என் பட்டன் போனில் மணி எப்போதும் தப்பாகத்தான் காட்டும் என்பதால், மாரியம்மன் படத்துக்கு மேலே மாட்டியிருக்கும் கடிகாரத்தைப் பார்த்து எழுதுவேன்.

"இன்னாடி, ஸ்டேஷன் மாஸ்டர் ஆயிட்டியா? பச்சைக்கொடி ஒண்ணு வாங்கியாந்து தரட்டா?" என்பார் என் கணவர்.

நான்கு மாதம் எழுதினேன். வாரம் ஒருமுறை அக்கா வருவார். "எழுதறீங்கல்ல?" என்று கேட்டுவிட்டு, கேட்டிலிருந்தே திரும்பிவிடுவார். அதற்குள் மலருக்கு மூன்றாவது தாமதமும் ஆகி, எச்சரிக்கைக் கடிதமும் வந்துவிட்டது. நிர்வாகம் ஒரு வழி சொன்னது. ரயில் பத்து நிமிடத்துக்கு மேல் தாமதம் என்று நிரூபிக்கிற நாள்களைத் தள்ளுபடி செய்வார்கள். மலரின் அந்த மூன்றாவது நாளுக்கு என் நோட்டில் பதினாலு நிமிடம் என்று இருந்தது. அந்தப் பக்கத்துக்கு நான் குங்குமம்கூட வைத்தேன்.

பயணிகள் குறைகேட்பு என்று ஒரு கூட்டம் போட்டார்கள், ரயில் அதிகாரி வருவதாகச் சொன்னார்கள். அதற்கு முதல் நாள் சாயங்காலம், நோட்டை ஜெராக்ஸ் எடுக்க அக்கா வந்தார். நல்ல மழை. குடை இல்லை. அவர் நனைவதைவிட நோட்டு நனைந்துவிடுமே என்றுதான் எனக்குப் பதறியது. "உள்ள வாங்க" என்றேன்.

தலையைத் துடைத்துக்கொண்டு நின்றவர் சாமி படத்தைப் பார்த்தார். பிறகு மேலே பார்த்தார். பிறகு தன் கை வாட்சைப் பார்த்தார்.

"மலரு அம்மா, எந்தக் கடியாரம் பாத்து எழுதினீங்க?"

"இதான். ஏன்?"

"இது ஏழு நிமிஷம் முன்னால ஓடுதே."

நான் கல்யாணமாகி வந்த காலத்திலேயே அந்தக் கடிகாரம் முந்தித்தான் இருந்தது. வீட்டு ஆண்கள் பஸ்ஸை விட்டுவிடக் கூடாது என்று மாமியார் வைத்தது. வெளியே போகிறவர்கள் மனதுக்குள் ஏழு நிமிடத்தைக் கழித்துக்கொள்வார்கள். வெளியே போகாத எனக்கு அதுதான் நேரம்.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா நோட்டைப் புரட்டினார். பதினாலு, ஏழாகிவிடும். மலரின் நாள் தள்ளுபடி ஆகாது.

என் கணவர் உள்ளேயிருந்து வந்தார். "நாளைக்குக் கூட்டத்த வெச்சிக்கினு இப்ப இன்னா ஆராய்ச்சி? அவங்க நம்ம ஊட்டுச் செவுத்தப் பாக்க வரப்போறாங்களா?"

நானும் அதையேதான் நினைத்தேன். பக்தி, கணக்கு, கர்வம் எல்லாம் அந்த நேரத்தில் எங்கே போயின என்று தெரியவில்லை. "எல்லாத்தையும் திருத்திடலாம் அக்கா, அந்த ஒரு நாள மட்டும் உட்டுடலாம்" என்றேன். அவரை நான் அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல்முறை. காரியம் ஆக வேண்டியிருந்தது.

அவர் கோபப்படவில்லை. "ஏழு நிமிஷப் பொய்ய மடியில கட்டிக்கினு அவங்க சில நாள் நாப்பது நிமிஷம் லேட்டாக்கறத எப்பிடிக் கேக்கறது? மலரு எனக்கும் பொண்ணுதான். ஸ்டேஷன்லயும் ஒரு ரிஜிஸ்டர் இருக்குது. அந்த ஒரு நாள் இடிச்சிதுன்னா மொத்த நோட்டையும் தூக்கிப் போட்டுருவாங்க. இதுல அஞ்சு பேரு பொழப்பு இருக்குது" என்றார்.

அவர் தன் பையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்து என் கையில் வைத்தார். அவர் வாசிக்க வாசிக்க நான் ஏழு ஏழாகக் கழித்தேன். ஒவ்வொரு வரியிலும் பழைய எண்ணின் மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியான எண்ணை எழுதினேன். குங்குமம் வைத்த பக்கம் வந்தபோது அவர் வாசிப்பதை நிறுத்தினார். நானே பார்த்து எழுதட்டும் என்று விட்டார். எழுதினேன். மழை விட்டபோது நோட்டு முழுக்கச் சிவப்பாக இருந்தது.

மறுநாள் கூட்டத்துக்கு அக்கா என்னையும் அழைத்துப் போனார். அதிகாரி நோட்டைப் புரட்டிவிட்டு, "என்னம்மா இது, பரீட்சை பேப்பர் மாதிரி இருக்கு?" என்றார். அக்கா என் முழங்கையை இடித்தார். "எழுதினவங்கதான் சொல்லணும்." கூட்டத்தில் எழுந்து நான் பேசியதே இல்லை. எழுந்து நின்று எங்கள் வீட்டுக் கடிகாரத்தைப் பற்றிச் சொன்னேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். அதிகாரியோடு வந்த ஒருவர், "ஊட்டுக் கடியாரத்த வெச்சிக்கினு கவர்மெண்ட்ட கேள்வி கேக்க வந்துட்டாங்க சார்" என்றார்.

அக்கா எழுந்தார். "எங்க தப்ப செவப்புல எழுதிக்கினு வந்துட்டோம் சார். உங்களுது எந்தக் கலர்ல இருக்குது?"

சிரிப்பு நின்றுவிட்டது. அதிகாரி, எங்கள் பெண்கள் இறங்குகிற நிலையத்தின் ரயில் வருகைப் பதிவேட்டைப் படம் எடுத்து அனுப்பும்படி போனில் சொன்னார். அது வருகிறவரை நாங்கள் உட்கார்ந்திருந்தோம். நான் மனதுக்குள் கந்த சஷ்டி சொன்னேன், பாதியில் மறந்து மறந்து மறுபடி ஆரம்பித்தேன். பதிவேட்டின் படங்கள் வந்தன. அதிகாரியே ஒரு விரலை நோட்டிலும் ஒரு விரலைப் போனிலும் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். என் சிவப்பு எண்கள் ஒரு நிமிடம் முன்பின்னாக அப்படியே பொருந்தின. கறுப்பு எண்களோடு போயிருந்தால் முதல் வரியிலேயே நோட்டை மூடியிருப்பார்.

பெண்கள் இறங்கும் நிலையத்து நேரங்களை வைத்து மருத்துவமனைக்குப் புதிய கடிதம் போனது. நான்கு பேரின் தாமதங்கள் தள்ளுபடி ஆயின. மலருக்கு ஆகவில்லை. அடுத்த மாதம் அவள் வேறொரு நாள் ஆறு நிமிடம் பிந்தினாள், வேலை போயிற்று.

மறைக்காமல் எழுதுகிறேன், அதன் பிறகு பதினோரு நாள் நான் நோட்டைத் திறக்கவில்லை. அக்காவோடு பேசவும் இல்லை. ஆனால் தினமும் காலையில் மூன்று அடி அடித்துப் போன் நின்றது. நான் அடுப்படியிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாம் நாள் மலர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அந்த மூணாவது நாளு, வண்டி வந்த பொறவும் டைம் இருந்துதும்மா. நாந்தான் ஸ்டேஷன் வாசல்ல வளையல் கடையில நின்னுட்டேன். வேதவல்லி அத்தைக்கு அது தெரியும். உங்கிட்ட சொல்லல."

அப்போது போன் அடித்தது. எழுந்து போய் எழுதினேன். அதற்கு முன்னால் ஸ்டூல் போட்டு ஏறி, கடிகாரத்தைச் சரியான நேரத்துக்கு வைத்தேன். என் கணவர் அந்த வாரத்தில் இரண்டு முறை பஸ்ஸை விட்டார்.

அக்கா அதன் பிறகு வந்தால் உள்ளேதான் உட்காருவார். வளையல் கடையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. மலருக்குத் திண்டிவனத்திலேயே ஒரு லேபில் வேலை கிடைத்தபோது என்னைவிட அவர்தான் அதிகம் சிரித்தார். செஞ்சிக்கு ரயில் பாதை வரும் வரும் என்கிறார்களே, எப்போது வரும் என்று ஒருநாள் கேட்டேன். "வரட்டும், வந்தா மொத நாளே லேட்டாத்தான் வரும். நீங்க இப்பவே நோட்டு வாங்கி வெச்சிக்குங்க" என்றார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவர் வீட்டுக்குப் போனேன். இத்தனை வருடத்தில் அந்தத் தெருவுக்குள் அன்றுதான் நுழைகிறேன். வாசலில் தயங்கினேன். "உள்ள வாங்கம்மா, அம்மாகிட்ட வாங்க" என்று யாரோ ஒரு பெண் என் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். ஒரு நிமிடம்கூட என்னை வெளியே நிற்க விடவில்லை. அவர் கையில் அந்த வாட்ச் இல்லை. கழற்றித் தலைமாட்டில் வைத்திருந்தார்கள். ஓடிக்கொண்டிருந்தது. சரியாக ஓடிக்கொண்டிருந்தது.

புதன்கிழமை காலை தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. மூன்று முறை அடித்து நின்றது. அந்த ஐந்து பேரில் மிச்சமிருந்த யாரோ. ஏழு ஐம்பத்தொன்பது என்று எழுதினேன்.

என்னிடம் இருப்பது அவர் என் கையில் வைத்த அந்தச் சிவப்புப் பேனாதான். என் கணக்கில் தப்பு இருந்தால் அடுத்தவர் கணக்கைக் கேட்பதற்கு முன்னால் அதில்தான் எழுத வேண்டும் என்று அவர் சொல்லித் தரவில்லை, செய்து காட்டினார். அதனால் நேற்று அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தை எடுத்து, யாருடைய ரயிலையும் சேராத ஒரு வரியை அந்தப் பேனாவால் எழுதி வைத்தேன்.

வேதவல்லி அக்காவை வீட்டுக்குள் அழைத்தது: நான்கு மாதம் தாமதம். காரணம் ரயில் அல்ல.