நான் அழித்த பொட்டு

என் வாழ்நாளில் ஒரே ஓர் ஓவியத்தில்தான் நான் கைவைத்திருக்கிறேன். அதுவும் அதைக் கெடுப்பதற்காக. அப்படியிருந்தும் ஒரு மண்டபம் நிறைந்த சனம் கைதட்டியது. பத்தாம் வகுப்போடு நின்றுவிட்ட, நாலு பேர் கூடினால் நா எழாத எனக்கு, அதற்குப் பிறகு ஒருவரும் கைதட்டியதில்லை.

அப்போது எனக்கு எட்டு வயது. வெள்ளவத்தையில், கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில் அம்மா, சித்தி, நான் என்று மூவரும் இருந்தோம். அப்பா கப்பலில் வேலை. அம்மா கோட்டையில் ஓர் அலுவலகத்துக்குப் போகும் வழியில் என்னைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுவார்.

சண்டைக்காலம். காலி வீதியில் பஸ் ஏறுவதற்கு முன் அம்மா தன் நெற்றியிலிருந்த ஒட்டுப் பொட்டைக் கழற்றிக் கைப்பையின் உள்மடிப்பில் ஒட்டிவைப்பார். பிறகு லேஞ்சியின், அதாவது கைக்குட்டையின், முனையை நாக்கில் தொட்டு, என் சாந்துப் பொட்டை அழுத்தித் துடைப்பார். பொட்டு தமிழரென்று காட்டிக்கொடுக்கும், சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் முதலில் பார்ப்பது நெற்றியைத்தான் என்பது எங்கள் ஒழுங்கையின் நம்பிக்கை. அலுவலகம் போனதும் அம்மாவின் பொட்டு ஏறும். வீடு திரும்பும்போது மறுபடி இறங்கும். சப்பாத்து நாடா கட்டிவிடுவதுபோல, இதுவும் எல்லா அம்மாக்களும் செய்கிற வேலை என்றே நினைத்திருந்தேன்.

சித்திக்கு இருபத்திரண்டு வயது. நுகேகொடையில் ஓவியம் படித்தார். கூடப் படித்த சிங்கள அக்கா ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்து தோசை சாப்பிடுவார். என்னை ‘நங்கி’ என்று கூப்பிட்டு, வந்த அன்றே தன் தங்கையாக்கிக்கொண்டார். அந்த வருடம் அவர்களுடைய வகுப்புக் கண்காட்சிக்கு ‘எங்கள் நாட்டுப் பெண்கள்’ என்று தலைப்பு. சித்தி அம்மாவை வரைந்தார். பஸ் யன்னலோரம், மடியில் கைப்பை, நெற்றியில் பொட்டு.

“பஸ்ஸில நான் பொட்டோட இருக்கிறேல்லையே” என்று அம்மா சிரித்தார்.

“படத்திலயாவது இருங்கோ அக்கா.”

முப்பது படங்களில் தமிழ்ப் பெண் அது ஒன்றுதான். கண்காட்சிக்குப் பொறுப்பான ஐயா நல்ல மனிதர், பயந்த மனிதர். படம் அருமை, பொட்டு மட்டும் வேண்டாம், பெரிய ஆட்கள் வருகிறார்கள் என்றாராம். சித்தி வீட்டுக்கு வந்து கோபத்தில் குதித்தார்.

“பொட்டை எடுத்தா அது ஆரின்ர படம்? ஆரெண்டு தெரியாத ஒராளின்ர படம்!”

தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்த சிங்கள அக்கா, “அது எடுத்தா, என் படமும் நான் எடுக்குறது” என்றார் தன் தமிழில்.

மறுநாள் இருவரும் போய் இதையே அவரிடம் சொன்னார்கள். ஐயா பாதி இறங்கிவந்தார். பொட்டு இருக்கலாம், ஆனால் படம் கதவுக்குப் பின்னால் தொங்கும்.

படத்தில் பொட்டு அதுவரை வெறும் கோட்டு வட்டம்தான்; வண்ணத்தைக் கடைசியில்தான் வைக்கவேண்டும் என்று சித்தி விட்டுவைத்திருந்தார். கண்காட்சியன்று காலை, கறுவாத்தோட்டத்து மண்டபத்தில் கதவுக்குப் பின்னால் நின்று அதற்குச் சிவப்பு வைத்தார். எண்ணெய் வண்ணம் காயவில்லை.

“பிள்ளை, இதில நில். ஒருத்தரையும் தொட விடாதை” என்று என்னைக் காவலுக்கு நிறுத்திவிட்டுப் போனார்.

பிரதம விருந்தினருக்கு முன்னால் துவக்குகளோடு நாலு ஆமிக்காரர் வந்தார்கள். அதில் ஒருவர் கதவுப் பக்கம் திரும்பினார். எனக்குப் பின்னால் படத்தில் அம்மா பொட்டோடு இருந்தார். லேஞ்சியை எடுத்தேன். முனையை நாக்கில் தொட்டேன். அம்மா துடைப்பதுபோலவே அழுத்தித் துடைத்தேன்.

படத்து நெற்றி முழுவதும் சிவப்பு. ஆமிக்காரரே ஒரு கணம் திகைத்து நின்றார்.

சித்தி ஓடிவந்தார். “என்னடி செய்தனி?”

“ஆமி வருது சித்தி. அம்மா பொட்டைக் கழற்றேல்லை.”

அடிப்பார் என்று கண்ணை மூடினேன். அடி விழவில்லை. ஐயா வந்து பார்த்தார். நிம்மதியை மறைத்துக்கொண்டு, கெட்டுப்போன படத்தை இறக்கிவிடலாம் என்றார். சித்தி என்னையும் லேஞ்சியையும் ஒரே கையில் பிடித்தபடி மேடையேறி மைக்கை எடுத்தார். அவருக்குச் சிங்களம் நன்றாக வரும். ஆனாலும் தமிழில் பேசினார். பக்கத்தில் நின்று சிங்கள அக்கா ஒவ்வொரு வரியையும் சிங்களத்தில் சொன்னார்.

“படத்தில இருக்கிறது இந்தப் பிள்ளையின்ர அம்மா. ஆமியைக் கண்டதும் அம்மாவைக் காப்பாத்த வேணுமெண்டு பொட்டை அழிச்சிட்டாள். இது பள்ளிக்கூடத்தில படிச்சதில்லை. ஒவ்வொரு நாளும் பஸ் ஏற முந்தி நாங்கள் படிப்பிச்சது. நாங்களும் இந்த நாட்டுப் பெண்கள் எண்டா, எங்கட முகத்தோட மாட்டுங்கோ. கதவுக்குப் பின்னால இல்லை.”

பின்வரிசையில் சிங்களப் பாணியில் ஓசரிச் சேலை கட்டிய ஓர் ஆசிரியை எழுந்து கைதட்டினார். பிறகு எல்லாரும். ஆமி வந்ததை முதலில் கண்டுபிடித்தது நான் என்பதால் எனக்குத்தான் தட்டுகிறார்கள் என்று நினைத்து, வெட்கத்தில் சித்தியின் சேலைக்குள் முகத்தைப் புதைத்தேன்.

வகுப்புப் பெண்கள் யாரையும் கேட்காமல் படத்தைக் கழற்றி வாசலுக்கு எதிரே கொண்டுபோனார்கள். ஆணி எடுத்துக் கொடுத்தவர் அந்த ஐயாதான். சித்தி சிவப்புத் தடத்தைத் துடைக்கவில்லை. அதன் நடுவிலேயே விரலால் ஒரு புதுப் பொட்டு வைத்தார். எங்களோடு வந்திருந்த அம்மா, வெறும் நெற்றியோடு கூட்டத்தின் ஓரத்தில் நின்று வெகுநேரம் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கைப்பையைத் திறந்தார்.

திரும்பும் பஸ்ஸில்தான் கவனித்தேன். அம்மாவின் நெற்றியில் பொட்டு! சாவடி நெருங்கிக்கொண்டிருந்தது. சிவப்பு அப்பிய லேஞ்சியை நீட்டி, “அம்மா, பொட்டு, பொட்டு” என்று கிசுகிசுத்தேன். அம்மா அதை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். ஏறிய ஆமிக்காரர் அடையாள அட்டையையும் நெற்றியையும் மாறிமாறிப் பார்த்தார். அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

பஸ் நகர்ந்ததும் அம்மாவும் சித்தியும் கையைக் கோர்த்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள்போலச் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. ஒருநாளும் மறக்காத அம்மா அன்றைக்குப் பார்த்து மறந்துவிட்டாரே என்று, வெள்ளவத்தை வரும்வரை நான் அவரோடு கதைக்கவே இல்லை.