புளியமரத்தடி வைரவர்

சுபாஸ்கரன் எவரையும் இலகுவில் நம்பாத மனுசன். மானிப்பாய்க்கு அப்பால் இருந்த அந்தத் தொழில்நுட்பக் கல்லூரியில் வாச்சர் வேலைக்கு அதைவிடப் பொருத்தமான குணம் வேறில்லை. விரிவுரையாளர்களையே பையைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் வெளியே விடுவார். பால்காரன் சிரித்தால் பாலில் தண்ணீர் கூடிவிட்டது என்று முடிவுகட்டுவார். மனைவி அருந்ததிக்கு இருதயத்தில் ஒப்பரேசன் என்று டொக்டர் சொன்னபோதும், அந்த ஆள் ஏன் முகம் பார்த்துக் கதைக்கவில்லை என்றுதான் பஸ்ஸில் வழியெல்லாம் யோசித்தார்.

அப்படிப்பட்டவர் காவலிருந்த வளவுக்குள் ஒரு திங்கட்கிழமை காலை வைரவர் வந்து நின்றார். மோட்டார் சைக்கிள் கொட்டகைக்காகத் தறிக்க இருந்த புளியமரத்தின் அடியில் ஒரு சூலம், முனைகளில் குத்திய மஞ்சள் தேசிக்காய், தண்டில் சிவப்புத் துணி. மரம் தறிக்க வந்தவர்கள் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டு, வாளையும் தூக்கிக்கொண்டு வந்த வழியே போய்விட்டார்கள்.

சுபாஸ்கரனுக்கு உடனே பொறிதட்டியது. தறிக்கிற நாள் பார்த்துச் சாமி வருமா? ஆனாலும் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

"வைரவா, வெள்ளிக்கிழமை அருந்ததிக்கு ஒப்பரேசன். அவளைத் திருப்பித் தந்திடு."

சொன்ன பிறகு வெட்கமாகிவிட்டது.

மறுநாள் பார்த்தால் தேசிக்காய் புதிதாக இருந்தது. காய் தானாக மாறுமா? புதன்கிழமை விடியவே வந்து தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் பதுங்கினார். தேசிக்காயோடு வந்தவள் மாணவி நிரோஜா, கல்லூரிச் சுற்றாடல் கழகத் தலைவி.

"ஆரடி உனக்கு உந்த வேலை தந்தது?"

பிள்ளை தேசிக்காயை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். "ஒருத்தரும் இல்லை அண்ணை. மரத்தைத் தறிக்க வேண்டாமெண்டு அதிபரிட்டை எத்தினை தரம் கேட்டம், அவர் கேக்கேல்லை. வைரவர் எண்டால் ஒருத்தரும் தொடமாட்டினம்."

"அப்ப பொய்ச் சாமி! சாமியை வாச்சர் வேலைக்கு வைச்சிருக்கிறாய், என்ன?"

"பொய் இல்லை அண்ணை. கும்பிட்டுத்தான் நட்டனான். காவல் தெய்வம்தானே, மரத்தையும் காக்க மாட்டாரோ?"

கள்ளத்தைப் பிடித்த சந்தோசம் அவருக்கு வரவில்லை. இவள் கடையில் வாங்கி நட்ட இரும்பிடமா அருந்ததியின் உயிரைக் கேட்டோம்? கோபம் தலைக்கேறியது.

"பிடுங்கு உதை! இப்பவே பிடுங்கு!"

நிரோஜா அழுதுகொண்டே குனிந்து இரண்டு கைகளாலும் சூலத்தைப் பற்றி இழுத்தாள். மண் இளகிச் சூலம் சரிந்தது.

"விடு! விடடி!"

சுபாஸ்கரன் பாய்ந்து சூலத்தைத் தாங்கிப் பிடித்தார். முழங்காலிட்டு, அதை நிமிர்த்தி, இரண்டு கைகளாலும் மண்ணை அள்ளி அணைத்து இறுக்கினார்.

"என்ரை மனுசி வீட்டை வரட்டும்" என்றார், நிமிராமலே. "அதுவரைக்கும் ஒருத்தரும் உதிலை கை வைக்கப்படாது."