முதுகில் அச்சடித்த சொல்

மூன்றாவது பரிசு! கோப்பை சின்னதுதான், என் உள்ளங்கையில் அடங்கிவிடும். ஆனால் போன ஞாயிறு கெலுகோர் பூப்பந்து மண்டபத்தில் நாங்கள் போட்ட கூச்சலைக் கேட்டவர்கள், ஏதோ உலகக் கோப்பை என்றுதான் நினைத்திருப்பார்கள். தோள்பட்டை இன்னும் வலிக்கிறது. பரவாயில்லை... இதை எழுதியே ஆக வேண்டும்.

நாங்கள் நால்வர். நான், பல் கிளினிக்கில் வேலை செய்யும் பர்வீன், எங்களில் மூத்தவரான சுமதி அக்கா, அப்புறம் சியூ லிங். சியூ லிங் சீனப் பெண். அவள் அப்பா சுங்கை பாக்காப்பில் மளிகைக் கடை வைத்திருந்தார். தோட்டத்துத் தமிழர்கள்தான் வாடிக்கையாளர்கள். அதனால் தமிழ் சரளம். கோபம் வந்தால் எங்களைவிடச் சரளம்.

எங்கள் குழுவின் பெயர் ‘கெலிங் பவர்’.

ஆமாம், அந்தச் சொல்லேதான். இந்த நாட்டில் தமிழர்களை மட்டம் தட்ட வீசப்படும் சொல். ஒரு காலத்தில் வெறும் இனப்பெயராக இருந்ததாம். ஜார்ஜ் டவுனில் தெருப் பலகையிலேகூட இருக்கிறது. பலகையில் இருந்தால் சரித்திரம். முகத்துக்கு நேரே சொன்னால்?

சில மாதங்களுக்கு முன் அதுதான் நடந்தது. எங்கள் பந்து பக்கத்து ஆடுகளத்தில் விழுந்தது. அங்கே ஆடிக்கொண்டிருந்த பெண்மணி அதைக் காலால் தள்ளிவிட்டு, அந்தச் சொல்லை முணுமுணுத்தார். வாயாடி பர்வீன் அன்று பையை எடுத்துக்கொண்டு சீக்கிரமே கிளம்பிவிட்டாள். அடுத்த வாரம் வந்து சொன்னாள்: “இனிமே அதையே நம்ம பேரா வச்சிக்குவோம். நாமளே சொல்லிட்டா அவங்க சொல்றதுக்கு என்ன லா இருக்கு?”

எனக்கு ஒரே குஷி! கறுப்புச் சட்டை, முதுகில் பளீரென்று மஞ்சள் எழுத்து. நான்கு சட்டைகள் அடித்தோம். சியூ லிங் மட்டும் கையில் வாங்கிக்கொண்டு தயங்கினாள். “நான் போடலாமா?” என்று கேட்டாள். “நீ நம்ம ஆளுடி” என்றோம். போட்டுக்கொண்டாள்.

ஞாயிறு காலை மைக் பிடித்த மலாய்ப் பெண் எங்கள் பெயரைப் பார்த்ததும் திகைத்துப்போனாள். என்னிடம் வந்து, அக்கா என்ற முறையில், “காக், இதை நான் எப்படிச் சொல்வது?” என்று மலாயில் கேட்டாள். கடைசியில் முதல் சொல்லை விழுங்கிவிட்டு, ‘பவர்’ என்று மட்டும் கூப்பிட்டாள். பர்வீனுக்குத் தலைகால் புரியவில்லை. “பாத்தியா! நம்ம பேர சொல்லவே பயப்படுறாங்க!”

இரண்டு ஆட்டம் ஜெயித்தோம். அரையிறுதியில் தோற்றோம். மூன்றாம் இடத்துக்கான ஆட்டம் பாக்கி. அந்த இடைவேளையில் சியூ லிங் தே வாங்கிவர வெளியே போனாள். திரும்பி வந்தபோது கையில் நான்கு தேநீர்ப் பொட்டலம் இருந்தது. முகத்தில் ரத்தமே இல்லை.

“கடையில ஒரு தமிழ் அங்கிள்... ‘எங்கள கேவலப்படுத்த சட்டையே அடிச்சிட்டியாம்மா?’ன்னு கேட்டாரு. எல்லாரும் பாத்தாங்க.”

பர்வீன் எழுந்துவிட்டாள். “எங்க அந்த ஆளு? நாங்க குடுத்த சட்டை! கேக்க அவரு யாரு?”

நானும் ராக்கெட்டோடு எழுந்தேன். நியாயம் எங்கள் பக்கம் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை.

“உக்காருங்க ரெண்டு பேரும்” என்றார் சுமதி அக்கா. “எனக்கும் இந்தச் சட்ட புடிக்கல.”

என்ன?

“எங்கப்பா போர்ட்ல கப்பல் மூட்ட தூக்குனவரு. ஒரு நாள் சாப்பாடு கொண்டுபோனேன். கேட்ல இருந்தவன் ‘ஹோய் கெலிங், உன் மவ வந்திருக்கா’ன்னு கத்துனான். அப்பா திரும்பிப் பாத்து சிரிச்சாரு. கோவப்பட்டிருந்தா நான் மறந்திருப்பேன். சிரிச்சாரு...”

“ஏன்க்கா அப்பவே சொல்லல?”

“நீங்க அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க. யாரும் என்னைக் கேக்கவும் இல்ல.”

பர்வீன் மெதுவாகச் சொன்னாள்: “அன்னிக்கு அந்தப் பொம்பள சொன்னதுக்கு அப்புறம் எனக்கு இங்க வரவே பயமா இருந்திச்சிக்கா. இந்தச் சட்டைய போட்டப்பறம்தான் பயம் போச்சு.”

இரண்டு பேரும் சொன்னது உண்மை. பிறர் சொல்லக்கூடாது, நாம் சொல்லலாம் — எவ்வளவு சுலபமான சட்டம்! அந்த ‘நாம்’ என்பதில் அக்கா இருக்கிறாரா என்று நான் பார்க்கவே இல்லையே. சியூ லிங்குக்கு அனுமதி கொடுத்தோமே, அதைக் கொடுக்க எங்களுக்கு அதிகாரம் தந்தது யார்? முதலில் தயங்கியவள் அவள். அவளை நாங்கள் மாட்டிவிட்டோம்.

ஐந்து நிமிடம் என்று மைக் கத்தியது. பர்வீன் எழுந்து கழிவறைக்குள் போனாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். வெளியே வந்தபோது சட்டையைத் திருப்பிப் போட்டிருந்தாள்! தையலெல்லாம் வெளியே. நாங்கள் மூவரும் ஒருவர் பின் ஒருவராக உள்ளே ஓடினோம்.

மைக் பெண் மறுபடி வந்தாள். “இப்போது என்ன பெயர்?”

“பாஜு தெர்பாலிக்” என்றார் அக்கா. திருப்பிப் போட்ட சட்டை! அந்தப் பெண் சிரித்துக்கொண்டே மண்டபம் அதிர அறிவித்தாள். கைதட்டல் வேறு!

பர்வீனும் நானும் முதல் இரட்டையர் ஆட்டத்தை ஜெயித்தோம். அடுத்ததாக அக்காவும் சியூ லிங்கும் இறங்கினார்கள். முதல் செட் கையை விட்டுப் போனது. இரண்டாவது நமக்கு. மூன்றாவதில் பத்தொன்பது-பத்தொன்பது! பர்வீன் தன்னை மறந்து, “கமான் கெலிங்!” என்று அலறிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா திரும்பி ஒரு முறை முறைத்தார். அந்த முறைப்போடு அடித்தார் பாருங்கள் ஒரு ஸ்மாஷ்... எதிரணி நகரவே இல்லை! அடுத்த புள்ளியைச் சியூ லிங் வலையோரம் தட்டிவிட்டாள். முடிந்தது! நான்கு பேரும் கட்டிப்பிடித்துத் தரையில் உருண்டோம்.

புதுச் சட்டை அடிக்கப்போகிறோம். பெயர் இன்னும் முடிவாகவில்லை. இந்த முறை நான்கு பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும். அதற்குள் இரண்டு சண்டை வந்துவிட்டது.

அந்தச் சொல்லை விட்டுவிட்டேனா? பொய் சொல்ல மாட்டேன். என் காரில் பர்வீனும் நானும் இன்னமும் ஒருவரை ஒருவர் அப்படிக் கூப்பிட்டுக்கொண்டுதான் சிரிக்கிறோம் — பின் சீட்டில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்த பிறகு.