ராதிவோயின் பாதியில் பூத்த துலிப்

ராதிவோய் உயிரோடு இருக்கும்போதே அவருடைய கல்லறை தயாராகிவிட்டது. இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. எங்கள் மொராவா ஆற்றுப் பக்கத்து ஊர்களில் பென்ஷன் வந்ததும் மனிதர்கள் செய்யும் முதல் காரியமே அதுதான். கறுப்புப் பளிங்கில் ஒரு பக்கம் கணவன் முகம், மறுபக்கம் மனைவி முகம். கீழே பிறந்த வருடம், ஒரு சிறு கோடு, கோட்டுக்கு அப்புறம் வெறும் கல். ஈஸ்டருக்கு அடுத்த வாரத் திங்கட்கிழமை ஊரே கல்லறைத் தோட்டத்துக்குப் போகும். வீட்டில் யாரையாவது பறிகொடுத்தவர்கள் தங்கள் இறந்தவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ராதிவோயும் அவர் மனைவி நெவெங்காவும் தங்கள் கல்லறை மேலேயே துணி விரித்து, சிவப்பு முட்டை உரித்துத் தின்றுவிட்டு வருவார்கள்.

அவர்களுக்குள் தகராறு கல்லைப் பற்றி இல்லை. கல்லுக்கு முன்னால் கட்டில் அகலத்துக்கு ஒரு மண்பாத்தி இருந்ததே, அதில் என்ன நடுவது என்பதுதான் தகராறு.

ராதிவோய் காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். மலை தாண்டிக் கடற்கரை வரை போகிற பஸ். யாரிடமும் வழி கேட்டதில்லை, யாரையும் தன் பெட்டியைத் தூக்க விட்டதில்லை, காய்ச்சல் வந்தால் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. கடற்கரைச் சாப்பாட்டுக்கடை ஒன்றின் பின்புறம், குப்பைக்கும் பாறைக்கும் நடுவில், யார் தயவும் இல்லாமல் தழைத்து நின்ற ஆனைக் கற்றாழையை ஒருநாள் பார்த்தார். பார்த்ததுமே மனம் பறிபோய்விட்டது. நெவெங்காவைப் பெண் பார்க்கப் போனபோதுகூட இவ்வளவு வேகமாக முடிவெடுத்தவரில்லை. ஒரு கன்றைப் பிடுங்கி, பக்கத்து இருக்கையில் உட்காரவைத்து ஊர்வரை கொண்டுவந்தார். கண்டக்டரின் முழங்கையில் அது போட்ட கீறல் கடைசிவரை மறையவில்லை.

நெவெங்காவுக்கு துலிப். ஐப்பசி போய்க் குளிர் இறுகும்போது கிழங்கை மண்ணில் புதைப்பாள். வசந்தத்தில் பூக்கும். இலை மஞ்சளானதும் தோண்டி எடுத்து, மண் உதறி, பழைய காலுறைகளில் போட்டு நிலவறையில் தொங்கவிடுவாள். மறுபடி குளிர், மறுபடி குழி.

"வருஷத்துல பத்து நாள் பூக்கும். மீதி நாளெல்லாம் தூக்கம். இதுக்கு ஒரு ஆள் சேவகம் பண்ணணுமா?" என்பார் ராதிவோய்.

"உன் முள்ளு மட்டும் என்னவாம்? ஆயுசுக்கு ஒரு தடவை பூக்குமாம், பூத்ததும் செத்துப்போகுமாம். அந்தப் பூவைப் பாக்க நான் எத்தனை ஜென்மம் எடுக்கணும்?"

"அது பாலைவனத்துச் செடிடி. தண்ணி கேக்காது, உரம் கேக்காது. நாம போனப்புறம் இங்க எவன் வந்து நிக்கப் போறான்? நமக்குப் பிள்ளையா குட்டியா? கற்றாழைன்னா தன்னைத் தானே பார்த்துக்கும்."

"அப்போ பனி விழறதுக்கு முன்னாடி கைவண்டியில ஏத்தி வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றியே, அது யாரு? மகாராஜாவா?"

எங்கள் குளிரில் அந்தச் செடி ஒரு ராத்திரிகூடத் தாங்காது. ஆகவே யார் தயவும் வேண்டாத கற்றாழை ஒவ்வொரு இலையுதிர் காலமும் கல்லறையிலிருந்து கிளம்பி, ஊர் நடுவே கைவண்டியில் பவனி வந்து, சமையலறை அடுப்போரம் குளிர்காயும். வசந்தம் முற்றியதும் மறுபடி கல்லறைக்குப் போகும். போகும் வழியில் எல்லோரும் அதற்கு வணக்கம் சொல்வார்கள்.

கடைசியில் பாத்தியின் நடுவே முளை அடித்துக் கயிறு கட்டினார்கள். அவர் முகத்துக்குக் கீழே உள்ள பாதி கற்றாழைக்கு, அவள் முகத்துக்குக் கீழே உள்ள பாதி துலிப்புக்கு. ஒரு துலிப் இலை கயிற்றைத் தாண்டிச் சாய்ந்தால் ராதிவோய் கத்தரிக்கோலோடு போய்விடுவார். இந்த எல்லைச் சண்டை ஊருக்கே தெரியும்.

போன இலையுதிர் காலத்தில் கைவண்டி தள்ளிக்கொண்டு வரும்போதுதான் அவருக்கு நெஞ்சு வலித்தது. செடியை அடுப்போரம் இறக்கி வைத்துவிட்டுத்தான் விழுந்தார். பெல்கிரேடு ஆஸ்பத்திரியில் நர்ஸைக் கூப்பிடும் மணியை ஒரு தடவைகூட அழுத்தவில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார். குளிர்காலம் முழுக்க வீட்டிலேயே கிடந்தார். ஈஸ்டர் முடிந்ததும் டாக்டர்கள் அவரை வெந்நீர் ஊற்று வைத்தியத்துக்கு அனுப்பினார்கள். முடிகிற நேரத்தில் அழைத்துவர நெவெங்காவும் போய்விட்டாள். போனை வழக்கம்போல மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டுப் போனாள்.

ஊர் திரும்பிய அன்று பஸ் நிறுத்தத்தில் இறங்கியதும் ராதிவோய் கண்ணில் பட்டது தன் முகம்தான். மின்கம்பத்தில் கறுப்புக் கரை போட்ட மரண அறிவிப்பு ஒட்டியிருந்தது. கல்லறைக் கல்லில் இருந்த அதே படம்.

"வயசைத் தப்பாப் போட்டிருக்கானுங்க," என்றார்.

வீட்டு வாசல் திறந்துகிடந்தது. முன்னறைக் கண்ணாடியைப் போர்வையால் மூடியிருந்தார்கள். மேசைமேல் தேன் கலந்து அவித்த கோதுமை, துக்கத்துக்கு வந்தவர்கள் கொண்டுவந்த காப்பிப்பொடிப் பொட்டலங்கள், பிளம் சாராயம். சாவி வைத்திருந்த பக்கத்து வீட்டுக் கொசாரா கறுப்புத் தலைக்குட்டையோடு எல்லோரையும் உபசரித்துக்கொண்டிருந்தாள். ராதிவோயைப் பார்த்ததும் தட்டை நழுவவிட்டு மூன்று தடவை சிலுவை போட்டுக்கொண்டாள்.

"அண்ணே! நீ பெல்கிரேடுல பெட்டிக்குள்ள இல்ல இருக்கணும்!"

"எந்தப் பெட்டிடி?"

"யோவ், நீ சாகலையா?" என்றார் சீமா. ஊரில் குழி தோண்டுகிறவரும் மணி அடிக்கிறவரும் அவர்தான். "காலையிலதானே ரெண்டு தடவை மணி அடிச்சேன். கை வலி இன்னும் விடல."

வந்தவர்களுக்குச் சந்தோஷமா ஏமாற்றமா என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு கிழவர் எழுந்து, அவரிடமே கைகொடுத்து, "ஆண்டவர் உங்க ஆத்மாவுக்குச் சாந்தி தரட்டும்," என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டார். ராதிவோயும் நன்றி சொல்லி, ஊற்றிக் கொடுத்த சாராயத்தை வாங்கிக் குடித்தார்.

"நான் செத்தேன்னு எவன் சொன்னான்?" என்று கேட்டார்.

"எவனும் சொல்லல," என்றாள் கொசாரா. அவள் குரலில் இப்போது கோபம் வந்திருந்தது. "திங்கக்கிழமை கல்லறைக்குப் போனோம். ஊரே பார்த்துச்சு. கயிறைக் காணோம். உன் பக்கத்துல, உன் மூஞ்சிக்கு நேர் கீழே, சிவப்பா துலிப் பூத்து நிக்குது. நீ உயிரோட இருந்தா அதை முளைக்க விட்டிருப்பியா? நெவெங்காவுக்கு எத்தனை தடவை போன் பண்ணினேன்! எடுக்கல. அழுதுட்டிருக்கான்னு நினைச்சோம்."

அறையில் இருந்த எல்லோரும் தலையாட்டினார்கள். இதைவிடப் பலமான சாட்சி வேறென்ன வேண்டும்?

ராதிவோயின் முகம் சிவந்தது. தன் சாவைக் கேட்டபோதுகூட அப்படிச் சிவக்கவில்லை.

"என் பக்கத்துலயா?"

நெவெங்கா கைப்பையை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் வெந்நீர் ஊற்றில் கொடுத்த ரப்பர் குளியல் செருப்பை மாட்டிக்கொண்டு அப்படியே வெளியே கிளம்பினார். பின்னால் நெவெங்கா. அவள் பின்னால் கோதுமைத் தட்டோடு கொசாரா, சாராயப் புட்டியோடு கிழவர், கறுப்பு உடுத்திய ஊர். விவரம் தெரியாதவர்கள் தெருவோரம் நின்று தொப்பியைக் கழற்றினார்கள். ஊர்வலம் என்று வந்துவிட்டால் சீமாவுக்குக் கை சும்மா இருக்காது. குறுக்கு வழியில் ஓடிப்போய் மணியை அடித்துவிட்டார். தன் சவ ஊர்வலத்துக்குத் தானே முன்னால் நடந்து போன ஒரே மனிதர் எங்கள் ஊரில் ராதிவோய்தான்.

கொசாரா சொன்னது பொய்யில்லை. கயிறு இல்லை, முளைகளும் இல்லை. பாத்தி முழுக்க இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை சிவப்பு. ராதிவோய் மூச்சிரைக்க மண்டி போட்டு, தன் பக்கத்தில் முதல் செடியின் கழுத்தைப் பிடித்தார்.

"நான் ஆஸ்பத்திரியில கிடக்கும்போது நட்டியா?"

"ஆமா."

"செத்துருவேன்னு நினைச்சிட்டியா?"

"இல்ல," என்றாள் நெவெங்கா. "நான் போயிட்டா என்னன்னு நினைச்சேன். நான் போயிட்டா நீ என்ன பண்ணுவன்னு எனக்குத் தெரியாதா? அந்த முள்ளை வீட்டுக்குக் கொண்டுவருவ. அது அடுப்புக்கிட்ட, நீ அதுக்கிட்ட. கதவைச் சாத்திட்டு ரெண்டு பேரும் உக்காந்துருவீங்க. சோறு வேணும்னு அதுவும் கேக்காது, நீயும் கேக்க மாட்ட. நெஞ்சு வலிச்சாலும் எவனையும் கூப்பிட மாட்ட."

"அதுக்கு என் பக்கத்துலயா நடணும்? உன் பக்கம்தான் இருக்கே."

"என் பக்கத்துல இருந்தா அது என் வேலைன்னு விட்டுருவ. உன் பக்கத்துல இருந்தா, பிடுங்கிப் போடவாவது கதவைத் திறந்து வெளிய வருவ. நாலு பேரைப் பாப்ப. இப்பப் பாரு, குளியல் செருப்போட ஓடி வந்திருக்க."

கிழவர் வழக்கப்படி கொஞ்சம் சாராயத்தை மண்ணில் ஊற்றினார்.

ராதிவோய் கல்லை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருடமாக இங்கே உட்கார்ந்து முட்டை தின்றிருக்கிறார். தன் பெயருக்குக் கீழே இருந்த வெற்றிடத்தை அடிக்கடி பார்த்ததுண்டு. அவள் பெயருக்குக் கீழேயும் அதே அளவு இடம் விட்டிருந்ததை இன்றுதான் பார்த்தார். அவள் முந்திக்கொள்ளலாம் என்பது ஒருநாளும் அவர் புத்தியில் ஏறியதே இல்லை. பயமாக இருந்தது, வாய்விட்டு அழவேண்டும் போலவும் இருந்தது. அவ்வளவு பேர் முன்னால் அழ அவரால் முடியவில்லை.

பிடித்திருந்த செடியை விட்டார். கலைந்திருந்த மண்ணை அதன் அடியில் விரலால் அணைத்தார்.

"அடுத்த குளிருக்கு நான்தான் நடுவேன்," என்றார், அவளைப் பார்க்காமலே. "கிழங்கை எவ்வளவு ஆழத்துல வைக்கணும்?"