இடம் மாறும் வலியும் பினாங்கு டாக்டரும்

மூட்டுவலிக்காரர்களைப் பினாங்குக்கு அழைத்துப் போக நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தைப்பூசம் முடிந்த இரண்டாம் வாரம் என் மனைவி செல்லம்மாளுடன் போய்வந்தேன். நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் பள்ளிக்கூட வாத்தியார். அவள் அங்கேயே பாலுக்காக ரப்பர் மரம் வெட்டப் போகிறவள். வயது இருபது. திங்களன்று முழங்கால் வீங்கும். வியாழனன்று அது வற்றி மணிக்கட்டு வீங்கும்.

"வலி என்ன ஊர்வலமா போகுது? வேலைக் கள்ளம்யா!" என்றார் எங்கள் தோட்டத்து மருந்தகத்து டிரெஸ்ஸர். ஓய்வுக்குச் சீட்டுத் தரவில்லை. உள்ளதைச் சொல்லிவிடுகிறேனே, எனக்கும் அதே சந்தேகம்தான். அவள் நடிக்கிறாள் என்று ஒரு பெரிய டாக்டர் வாயால் கேட்டுவிடத்தான் கிளம்பினேன்.

காலை 6.50 ரயில். பிறை வரை ஏறக்குறைய இருபது மைல், ஆளுக்கு அறுபது காசு. மீதிச் சில்லறையை இரண்டு தரம் எண்ணினேன். பிறையிலிருந்து படகில் இருபது நிமிடம். இறங்குதுறைப் படியில் செல்லம்மாள் இரண்டு முறை நின்றுவிட்டாள்.

"ஏன் நிக்கிற?"

"மூச்சு வாங்குதுங்க."

டாக்டர் வீடு நெருங்க நெருங்க வேஷம் கூடுகிறதே என்று நினைத்தேன்.

ரிக்‌ஷாக்காரச் சீனர் இருபத்தைந்து காசு கேட்டார், பதினைந்துக்குப் படிந்தார். ஒரே மணிக்கூண்டைச் சுற்றிச் சுற்றி வருவதுபோல் தோன்றவே அதட்டினேன். "டெக்காட் லா, தவுக்கே!" என்றார். பக்கம்தான் முதலாளி என்று அர்த்தம். அதுவும் உண்மையாகவே இருந்தது.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். கட்டணம் இரண்டு வெள்ளி. இரு முழங்கால்களையும் புறங்கையால் தொட்டுச் சூடு பார்த்தார். ஒவ்வொரு விரல் கணுவையும் அழுத்தினார்.

"எந்த மூட்டு முதல் நொந்தது, பிள்ளை? அதுக்கு முன்னம் தொண்டை நொந்ததோ?"

"ஆமாங்க, பொங்கலப்போ. எச்சில்கூட முழுங்க முடியல."

பிறகு குழாயை நெஞ்சில் வைத்து வெகுநேரம் கேட்டார். முழங்கால் வலிக்கு நெஞ்சில் என்ன வேலை? எனக்குப் பொறுக்கவில்லை.

"எக்ஸ்ரே எடுக்கலியா டாக்டர்?"

"எடுத்தாலும் எலும்பிலை ஒண்டும் தெரியாது, மாஸ்டர். மூட்டு நோ இடம் மாறுறதுதான் இந்த வாதக் காய்ச்சலின்ரை அடையாளம். இப்ப அது இதயத்தையும் பிடிச்சிட்டுது. இந்த நிலையிலை ஆர் இவவை வேலைக்கு விட்டது?"

செல்லம்மாள்தான் சொன்னாள்: "டிரெஸ்ஸர்தாங்க நம்பல. இவரு நம்பித்தான் என்னை இங்க கூட்டியாந்தாரு."

அவளுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தேதான் சொன்னாள். வெட்கத்தில் எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது.

மூன்று மாதம் படுக்கை. அதற்குச் சீட்டும் அவரே எழுதிக் கொடுத்தார். இதயம் பழையபடி தேறுமா என்பதை இப்போது சொல்ல முடியாதாம்.

போகிறவர்கள் முதல் ரயிலையே பிடியுங்கள். பத்து மணிக்கு மேல் டாக்டர் வீட்டில் உட்கார இடமிருக்காது. எந்த நாளில் எந்த மூட்டு வீங்கியது, முன்பு காய்ச்சலோ தொண்டைவலியோ இருந்ததா என்று எழுதி எடுத்துப் போங்கள். நோயாளி சொல்வதை அப்படியே எழுதுங்கள். உங்கள் சாமர்த்தியத்தைச் சேர்க்காதீர்கள்.

இப்போது தண்ணீர் எடுப்பதும் சமைப்பதும் நான்தான். "இன்னைக்கு வலி இல்லீங்க, நான் எழுந்திரிக்கட்டா?" என்று தினமும் கேட்கிறாள். அதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை.