ஆறடி செக் பவுன்ஸ் ஆன கதை

சென்ற வாரம் ஆறடி நீள செக் ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆட்டோவில் போனேன். நிஜமாகத்தான் சொல்கிறேன்... காந்தி ரோடே வேடிக்கை பார்த்தது. கல்யாணப் பட்டு எடுக்க வந்த ஒரு அம்மா ஓடியே வந்து கேட்டார்: "எந்தக் கடைல குலுக்கல்ல வுழுந்துச்சுமா?"

குலுக்கலாவது, பரிசாவது! அது வாலாஜாபாத்தில் அரிசி ஆலை வைத்திருக்கும் வரதன் அண்ணன் அரசாங்கத்துக்குக் கொடுத்த நன்கொடை. அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளுக்கு உதவித்தொகையாக ஐந்து லட்சம். நல்ல காரியம்தானே? அங்கேதான் வம்பு ஆரம்பித்தது.

செக் கொடுக்கும் விழாவுக்கு வி.ஐ.பி. தேதி கொடுத்த நாள் அஷ்டமி. அண்ணன் அஷ்டமியில் ஒரு அரிசி மூட்டையைக்கூட வெளியே அனுப்பமாட்டார் — செக்கில் கையெழுத்துப் போடுவாரா? வி.ஐ.பி.யையும் மாற்ற முடியாது, திதியையும் மாற்ற முடியாது. கடைசியில் ஒரு சமரசம்: மேடையில் போட்டோவுக்குத் தெர்மாகோல் செக், தசமியன்று அசல் செக். கைதட்டல், பொன்னாடை எல்லாம் ஜோராக நடந்தது.

தசமியன்று அசலை எடுத்துக்கொண்டு, உதவித்தொகையைக் கவனிக்கும் அரசாங்க ஆபீசுக்குப் போனோம். "நீ பத்திரிகைல எழுதறவ, கூட வாம்மா, மரியாதை குடுப்பாங்க" என்று அண்ணன் என்னையும் இழுத்துப் போனார். (கொடுக்கவில்லை.)

கிளார்க் செக்கைத் தொடவே இல்லை. "செக்கு ஏற்கெனவே வந்துடுச்சுங்களே!"

பீரோ மேல் படுத்திருந்தது தெர்மாகோல். மூலையில் ஆபீஸ் முத்திரை, பதிவு எண், இனிஷியல் — ஒரு குறையும் இல்லை. விழா முடிந்த கையோடு, வந்ததை வரவில் வைத்துவிட்டார் மனிதர்.

"அது போட்டோக்கு வெச்சதுபா!" என்றார் அண்ணன்.

"அது உங்களுக்குங்க. எங்களுக்கு நம்பர் போட்டாச்சு. ஒரே நன்கொடைக்கு ரெண்டு செக்கு வாங்கினா ஆடிட்ல நான்தான் பதில் சொல்லணும். மொத செக்கு பணமாவலன்னு பேங்க்ல எழுதி வாங்கிக்கினு வாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் நின்ற மீனாவுக்கு வரவில்லை. உதவித்தொகைப் பட்டியலில் முதல் பெயர் அவளுடையது. அப்பாவுக்குத் தறி வேலை. தனியார் கல்லூரி ஒன்றில் பி.காம். சீட் கிடைத்திருக்கிறது, ஃபீஸ் கட்ட அன்று மாலைதான் கடைசி. "உதவித்தொகை உண்டு" என்று இந்த ஆபீஸ் ஒரு கடிதம் கொடுத்தால் கல்லூரி அவகாசம் தரும். இல்லாவிட்டால் சீட் வேறு யாருக்கோ போய்விடும். அசல் செக்கை வாங்கினால்தான் அந்தக் கடிதம்.

ஆகவேதான் ஆட்டோ. "குறுக்கால வெச்சுப் புடிச்சிக்கினு வாங்க, காத்துல பறந்துடப் போவுது" என்றார் டிரைவர். அண்ணன் ஒரு முனை, நான் ஒரு முனை, நடுவில் மீனா.

பேங்க் மேனேஜர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உதவத்தான் நினைத்தார், பாவம். செக்கைத் திருப்பி அனுப்பும் படிவத்தில் காரணங்கள் வரிசையாக அச்சாகியிருந்தன. 'தெர்மாகோல்' என்றொரு காரணம் அதில் இல்லை. ரொம்ப யோசித்து, 'கையெழுத்து பொருந்தவில்லை' என்பதில் டிக் அடித்தார். பொய்யும் இல்லையே... கையெழுத்தைப் போட்டது ஃப்ளெக்ஸ் கடைக்காரர்!

ஆபீசுக்குத் திரும்பி வந்து நீட்டிய படிவத்தைப் பார்த்ததும் கிளார்க்கின் முகம் இறுகிவிட்டது. "செக்கு பவுன்ஸ் ஆயிடுச்சுங்களே! இதுக்குக் கேஸே போடலாம், தெரியுமா?"

அண்ணனுக்கு மூக்குக்கு மேல் கோபம். "இன்னாபா நீ! நல்லது செய்ய வந்தவன ஜெயிலுக்கு அனுப்புவியா? வேணாம்பா... காச கோயில் உண்டியல்ல போட்டுட்டுப் போறேன்!" துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பியேவிட்டார். மீனாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அவள்தான் வாயைத் திறந்தாள்.

"சார், பவுன்ஸ் ஆன செக்குக்குப் பதிலா வேற செக்கு குடுத்தா வாங்கிக்கலாம் இல்ல சார்?"

கிளார்க் பேனாவைக் கீழே வைத்தார். அன்றைக்கு முதல் தடவையாக எங்களை நிமிர்ந்து பார்த்தார். "தாராளமா வாங்கிக்கலாமே! அதுக்கு ரூல் இருக்குதே!"

அவ்வளவுதான். வாசல்வரை போயிருந்த அண்ணனை இழுத்து வந்து அசல் செக்கை நீட்டவைத்தேன். அரை மணி நேரத்தில் கடிதம் கையில்! ஒரே ஒரு நிபந்தனை — நன்கொடையாளர் மன்னிப்புக் கடிதம் தரவேண்டும். 'இனி இவ்வாறு நிகழாது' என்று எழுதி, பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார் அண்ணன். அந்தக் கையெழுத்தைச் செக்கில் இருந்ததோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த பிறகுதான் கிளார்க் எங்களை விட்டார்.

கல்லூரி ஆபீஸ் கதவைச் சாத்துவதற்குள் ஓடிப்போய்க் கடிதத்தைக் கொடுத்தோம். சீட் உறுதி. எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது, வெட்கமாகப் போயிற்று. எதிரே டீக்கடை. அங்கே இருந்த ஒரே ஸ்டூலில் அண்ணன் உட்கார்ந்துகொண்டார்.

"பி.காம். முடிச்சிட்டு என்னம்மா பண்ணப் போறே?" என்று மீனாவைக் கேட்டேன்.

"கவர்மென்ட் பரீட்சை எழுதி, அந்த கிளார்க் சீட்டுக்கே வந்துடுவேன்க்கா."

திக்கென்றது எனக்கு. "வந்து?"

"காலைலேந்து நின்னுக்கினே இருந்தோம் இல்ல... வர்றவங்கள மொதல்ல உக்காரச் சொல்லுவேன்."

அண்ணன் டீ கிளாஸோடு சட்டென்று எழுந்துவிட்டார். "நீ உக்காரும்மா மொதல்ல!"